ஓசூரில் ஒரு நாவலாசிரியர் தயாரான கதை

ஓசூரில் என்னவெல்லாம் தயாராகிறது? லேலண்ட் லாரி, டி.வி.எஸ். வண்டி, டைட்டன் கடிகாரம் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். ரோஜாப்பூவை விடமாட்டார்கள். ஆனால் இந்த ஊரில் ஒரு நாவலாசிரியரே தயாரானார் தெரியுமா? பெயர், பூர்வீகம், பட்ட பாடு, கொடுத்த பேட்டி, எழுதிய நாவல் என எல்லாம் பொருத்தி முழு ஆளாக! வாங்க, அந்தப் பட்டறையை எட்டிப் பார்த்துவிடுவோம். எனக்கு இப்போதே கால் தரையில் பாவவில்லை.

தயாரித்தவர் ஆதவன் தீட்சண்யா. 1964இல் பிறந்தவர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர், ஓசூரில் வாசம். கவிதையில் தொடங்கிச் சிறுகதைக்கு வந்து, லிபரல்பாளையம் என்று ஒரு கற்பனை தேசத்தையே கட்டி அதற்குக் கதைகள் எழுதியவர். ஓசூரிலிருந்து ‘புதுவிசை’ காலாண்டிதழைக் கொண்டுவந்தவர். தேசத்தையே கட்டியவருக்கு ஓர் எழுத்தாளரைக் கட்டுவது பெரிய காரியமா?

2014இல் அவருடைய முதல் நாவல் வந்தது. தலைப்பே கன்னத்தில் அறையும்: ‘மீசை என்பது வெறும் மயிர்’. வழக்கமான நாவலை எதிர்பார்த்துப் பிரித்தால் திகைத்துப்போவீர்கள். உள்ளே இருப்பது இரண்டே சமாச்சாரம். ஒன்று, நந்தஜோதி பீம்தாஸ் என்ற தலித் எழுத்தாளருடன் நேர்காணல். இன்னொன்று, அவர் எழுதிய நாவலின் சுருக்கம். அந்த எழுத்தாளரும் கிடையாது, அந்த நாவலும் கிடையாது. இரண்டையும் ஆதவனே உண்டாக்கினார்! இல்லாத புத்தகங்களுக்கு அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் மதிப்புரை எழுதிய வித்தை தெரிந்ததுதான். ஆனால் இங்கே அந்த வித்தை சாதியோடு மல்லுக்கட்டக் களத்தில் இறங்குகிறது.

இந்த நேர்காணல் என்கிற ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். கதைசொல்லி நான்கு பக்கம் ஆவேசப்பட்டால் வாசகர் ‘பிரசங்கம்’ என்று தாண்டிப் போய்விடுவார். பேட்டியில் அந்தப் பேச்சே வேண்டியிருக்கிறது. ஒருவர் கேட்கிறார், ஒருவர் பதில் சொல்கிறார். பதில் சொல்பவர் கோபப்படலாம், நக்கலடிக்கலாம், சரித்திரத்துக்குள் போய்விட்டு வரலாம். நாவல் சுருக்கம் அதைவிடக் குறும்பு. முழு நாவலையும் எங்கேயோ வைத்துவிட்டு இதை மட்டும் கையில் கொடுத்தது போல இருக்கும். மிச்சத்தை வாசகர்தான் மனதுக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதப்படாமல் போன தலித் வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கேதான் எனக்கு அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் நினைவுக்கு வருகிறார். அவரும் தொழிற்சாலை ஊர்க்காரர். 1931இல் ஒஹாயோ மாநிலத்தின் லொரெய்ன் என்ற எஃகாலை நகரத்தில் பிறந்தார். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் மாதச் சம்பளத்துக்கு அடுத்தவர் புத்தகங்களைச் செப்பனிட்டுக்கொண்டே, இரண்டு பையன்களையும் தனியாக வளர்த்துக்கொண்டே, விடிவதற்கு முன் எழுந்து தன் நாவல்களை எழுதினார். கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸின் சுயசரிதை அவர் கையில் செப்பனிடப்பட்டதுதான். 1974இல் கறுப்பின வரலாற்றுத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தபோது 1856ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. தப்பியோடி வந்த மார்கரெட் கார்னர் என்ற அடிமைப்பெண், பிடிபடும் தறுவாயில் தன் குழந்தையைக் கொன்ற செய்தி. அதிலிருந்து ‘பிலவ்ட்’ நாவல் 1987இல் முளைத்தது. 1993இல் நோபல்! லொரெய்னிலும் சரி, ஓசூரிலும் சரி, ஆவணத்தில் இல்லாதவர்களுக்கு நாவல்தான் ஆவணம்.

மீசைக்கு வருவோம். நாவல் வந்து மூன்று வருடம் கழித்து, 2017இல், குஜராத்தின் லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. உடனே தலித் இளைஞர்கள் பலர் தங்கள் வாட்ஸ்அப் முகப்பில் மீசைப் படத்தை ஏற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நாவலை மறுபடி எடுத்துப் புரட்டினேன். தலைப்பு முன்பைவிடப் பலமாக அறைந்தது.

ஆதவன் தன் ஊரையும் விடவில்லை. ‘ஒசூர் எனப்படுவது யாதெனின்’ என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கிற ஊர் இது. ஷிப்ட் பஸ் வந்து நிற்கும்போது ஒவ்வொரு வாயிலும் ஒரு மொழி. இந்த எல்லையோரத்தில் இருந்துகொண்டு தமிழ் நாவலின் எல்லையை அவர் தள்ளிப்போட்டது எனக்கு அத்தனை சந்தோஷம்.

அடுத்த முறை பெங்களூரு பஸ் ஏறும்போது பையில் இந்த நாவலை வைத்துக்கொள்ளுங்கள். நந்தஜோதி பீம்தாஸின் பேட்டியை உண்மையான பேட்டி என்றே நம்பிப் படியுங்கள்.