பட்டாளத்துத் தாத்தாவின் தோள்பட்டை

விருத்தாசலத்துச் சூளைகளில் கிளேஸ் கலக்குகிறவர்களுக்கு ஒரு சங்கதி அன்றாடப் பழக்கம். கோபால்ட் ஆக்சைடு கையில் எடுக்கும்போது கருப்புப் பொடி. அதைக் கலந்து பூசிய கோப்பை சூளையில் வெந்து வந்தால் நல்ல நீலம். வேகாத கோப்பையைப் பார்த்து அதன் நிறத்தை முடிவுகட்ட மாட்டார்கள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பட்டாளத்துத் தாத்தாவின் படத்தையும் இந்தப் பழக்கத்தோடுதான் பார்க்க வேண்டும். அதில் கருப்பாகத் தெரிகிற சட்டை சிவப்பாக இருந்திருக்கலாம்.

காரணம் வேதியியல். புகைப்படத் தட்டில் இருக்கும் வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும்தான் மசியும். 1873இல் ஹெர்மன் வோகல் என்ற ஜெர்மானியர், தகுந்த சாயத்தைச் சேர்த்தால் அது பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்தவைதான் ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுகள். சிவப்பு மட்டும் அவற்றுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் தட்டு 1906இல் விற்பனைக்கு வந்தபிறகும் பல ஸ்டூடியோக்கள் பழையதை விடவில்லை. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தபடியே கழுவி எடுக்கலாம் என்பது பெரிய வசதி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். முதல் உலகப் போருக்கு முன்பு மதராஸ் காலாட்படையின் அணிவகுப்பு உடை சிவப்பு. படத்தில் அது ஏறக்குறைய கருப்பு. வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். மஞ்சள் கலந்த காக்கி உள்ளதைவிட அழுத்தமாகத் தெரியும். மனிதத் தோலிலும் சிவப்பும் மஞ்சளும் கலந்திருப்பதால், நம் முன்னோர் பலர் நேரில் இருந்ததைவிடக் கருத்த முகத்தோடு அந்தப் படங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் முகம் என்று அறிந்திருப்பது அந்தச் சாயத்துக்குத் தெரிந்த முகத்தைத்தான். பிற்பாடு ஸ்டூடியோ ஓவியர் தூரிகையால் வண்ணம் தீட்டிய படமென்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்தப் பச்சையும் சிவப்பும் ஓவியர் தேர்ந்தெடுத்தவை.

ஆகவே நிறத்தை ஒதுக்கிவிட்டு உலோகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் தோள்பட்டை. அங்கே பித்தளையில் எண்ணோ எழுத்தோ பதித்திருப்பார்கள். பழைய ஸ்டூடியோப் படங்கள் பெரும்பாலும் பெரிய கண்ணாடி நெகடிவ்வை அப்படியே தாளில் பதித்தவை. அதனால் நாம் எதிர்பார்ப்பதைவிட நுணுக்கம் மிச்சமிருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிவது, நல்ல லென்ஸில் 63 என்று எழுந்து வரும்.

அந்த 63 எவ்வளவு சொல்கிறது! 1903இல் அப்போதைய தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைகளுக்கெல்லாம் ஒரே வரிசையில் எண் கொடுத்தார். மதராஸ் படைப்பிரிவுகள் தங்கள் பழைய எண்ணோடு 60 கூட்டிக்கொண்டன. மூன்றாவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 63 ஆனது இப்படித்தான். முதலாவது பயனியர் படை 61 ஆனது. பதின்மூன்றாவது, 73வது கர்நாட்டிக் படையாயிற்று. 1922இல் மறுபடி எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியபோது இந்த எண்கள் போய்விட்டன. எனவே 63 என்ற பித்தளை தோளில் இருந்தால் படம் எடுத்தது அந்த 19 வருஷத்துக்குள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கி ஜெர்மானியரோடு மோதிய படைகளில் 63வது பாளையங்கோட்டையும் ஒன்று. பெரியவர் ஆப்பிரிக்கா போனதாக வீட்டில் ஒரு கதை உலவினால், அதைச் சரிபார்க்க இப்போது வழி பிறந்துவிட்டது. ஆனால் 61க்கு மேலே கண்ட எண்ணெல்லாம் தமிழர் படை அல்ல. 62, 66 போன்றவை அதற்குள் பஞ்சாபிகளின் படையாக மாறியிருந்தன.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு அநியாயம் இருக்கிறது. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்று நம்பினார், அதிகாரத்தில் உயர உயர அதையே கொள்கையாக்கினார். மதராஸ் படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட் 1928க்குள் முடிந்தது, மதராஸ் பயனியர்கள் 1933இல். மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில்தான். இந்த இடைவெளியே நமக்குத் தடயம். 1930களின் நடுவில் எடுத்த படத்தில் ஒரு தமிழர் சீருடையில் நின்றால், அவர் பெரும்பாலும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸ்காரராக இருப்பார், இல்லையேல் வருஷத்தில் சில வாரம் பயிற்சிக்குப் போகிற டெரிட்டோரியல் படைக்காரர். சாப்பர்களுக்கு உயரமான, விளிம்பில்லாத, துப்டா என்ற தனித் தலையணி உண்டு. அது படத்தில் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, வடக்கே அநேகமாக யாருக்கும் வராதது. விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் கொண்டு கொடுத்த உறவுகள் அங்கே நிறைய. காலரில் நங்கூரச் சின்னம் வைத்த ஒருவர் படத்தில் இருந்தால், கப்பல் படை என்றே வீட்டில் சொல்வார்கள். பிரெஞ்சுக் காலனிப் படைகளின் சின்னமும் நங்கூரம்தான், தரைப்படையாக இருந்தாலும். அவர் கடலில் வேலை பார்த்தவராக இல்லாமல், புதுச்சேரிக்காரர்கள் சொல்தா என்று அழைக்கும் பிரெஞ்சு சிப்பாயாக இருக்கலாம். மலேயாவில் எடுத்த படம், 1943 முதல் போர் முடிவுவரையிலானது என்றால் நேதாஜியின் படையை நினைக்க வேண்டும். பெண்ணே காக்கி கால்சட்டையும் தொப்பியுமாக நின்றால் ஜான்சி ராணி ரெஜிமென்ட். விருத்தாசலம் ஜங்ஷன் ஊராயிற்றே, ரயில்வே சீருடையும் இந்தக் கும்பலில் கலந்துவிடும். பொத்தானில் கம்பெனி எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பதவியை அறிவதிலும் ஒரு பொறி. கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். இதில் குழப்பமில்லை. தோளில் ஒற்றை ஸ்டார் என்றால் செகண்ட் லெப்டினன்ட் என்று குடும்பம் பெருமைப்படும். ஜமேதாருக்கும் ஒற்றை ஸ்டார்தான், சுபேதாருக்கு இரண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஸ்டாருக்கு அடியில் சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒரு துணிப்பட்டை வைத்தார்கள். ஆர்த்தோ படத்தில் சிவப்பு இரண்டும் இருண்டு, நடு மஞ்சளும் மங்கிக் கிடக்கும். அது இருந்தால் ஜமேதாரோ சுபேதாரோதான். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர்கள் அவர்கள். அந்தப் பெருமை லெப்டினன்ட்டுக்குக் குறைந்ததல்ல.

மெடல் ரிப்பனைக் கருப்பு வெள்ளையில் படிப்பது கடினம், ஆனாலும் முடியும். 1914-20 போர் மெடலின் ரிப்பனில் நடுவே அகலமான ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, பிறகு கருப்பு, ஓரத்தில் நீலம். பழைய தட்டில் ஆரஞ்சு இருண்டு, ஓரத்து நீலம் வெளுத்துவிடும். இருட்டும் வெளிச்சமும் இடம் மாறி நிற்கும் என்று தெரிந்து தேடினால் கண்டுகொள்ளலாம். மெடலே டிரங்குப் பெட்டியில் கிடைத்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும். சிப்பாய்க்கு வெள்ளி கொடுத்தார்கள். வெண்கலமாக இருந்தால், பெரும்பாலும் தொழிலாளர் படையில் போய் வந்தவர் அவர். மெடல்கள் இடது மார்பில்தான் குத்துவது வழக்கம். வலது மார்பில் தெரிந்தால் சட்டையின் பொத்தான் பட்டியைக் கவனியுங்கள். ஆண் சட்டையில் இடப்பக்கம் மேலே வரும். அதுவும் மாறியிருந்தால் படமே இடவலம் புரண்டு அச்சாகியிருக்கிறது. பொத்தான் சரியாக இருந்து மெடல் மட்டும் வலப்புறம் என்றால், அவர் அணிந்திருப்பது இறந்த தகப்பனாருடையதாக இருக்கலாம்.

பிந்திய படங்களுக்கு ஒரு சுலபமான எல்லைக்கோடு இருக்கிறது. சின்னத்தில் ராஜ கிரீடம் இருந்தால் 1950 ஜனவரிக்கு முன், அசோகச் சிங்கம் இருந்தால் பின்.

படத்தைச் சட்டத்திலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டாம். தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் ஊறி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியிருந்தால் கண்ணாடிக்கு மேலேயே, பக்கவாட்டு வெளிச்சத்தில், தோளையும் மார்பையும் தனித்தனியாக நெருங்கிப் படமெடுங்கள். ஒட்டாமல் வந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கே இருக்கலாம்.

இவ்வளவும் செய்து கையில் சேர்வது படையின் பெயர், ஒரு கால அளவு, ஒருவேளை ஒரு சிப்பாய் எண். அந்த எண்தான் முக்கியம். முத்துசாமி என்றோ கோவிந்தசாமி என்றோ தேடினால் ஒரே படையில் பலர் வருவார்கள், எண்ணோ ஒருவருக்குத்தான் சொந்தம். முதல் போரில் பஞ்சாப் மாகாணத்திலிருந்து போன சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிராமவாரியாக இருந்தன. 2021 முதல் அவை இணையத்தில் தேடும்படி வரத் தொடங்கின. அந்தப் பதிவேடுகள் பஞ்சாபுக்கு மட்டுமானவை. நம் பக்கத்துக் குடும்பங்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டனுக்கும் எழுதிக் கேட்கலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில், முதல் போர்க்காலத்தில் இறந்து வெவ்வேறு ஊர்களில் அடக்கமான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. தோள்பட்டை எண்ணையும் சிப்பாய் எண்ணையும் குறித்துக்கொண்டு போனால், தாத்தாவின் பெயர் அங்கே இருக்குமானால், எந்தப் பெயருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று தெரியும்.