அந்நிய நாட்டு யாத்திரையும் மஞ்சட் காய்ச்சலும்

பிற நாடு செல்ல ஆயத்தஞ் செய்வோர் பாஸ்போர்ட்டு, விசா, விமானச் சீட்டு, பணம், உடை என்னும் இவற்றைப் பற்றியே பெரிதும் கவலை கொள்வர். ஆயின், ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்னுங் கண்டங்களிலுள்ள பல நாடுகளுக்குச் செல்வோர்க்கு இவற்றைப்போலவே இன்றியமையாத மற்றொன்றுண்டு. மஞ்சட் காய்ச்சலைத் தடுக்கும் ஊசியும், அதனை இட்டுக்கொண்டமைக்குச் சான்றாகிய மஞ்சள் நிறச் சிறு ஏடுமே அஃதாம். உயர்கல்வியையோ உத்தியோகத்தையோ நாடி உகாண்டா, கானா, பிரேஸில் முதலிய நாடுகளுக்குச் செல்ல விழையும் மாணவ நண்பர்கட்குப் பயன்படுமென்று கருதி, இதன் காரணங்களை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவோம்.

இந்நோய் ஒருவகை நுண்கிருமியால் உண்டாவது. முதலிற் காய்ச்சல், தலைவலி, முதுகு நோவு, வாந்தி என்பன தோன்றும். பெரும்பாலார் சில நாட்களிற் குணமடைவர். சிலர்க்கோ நோய் மீண்டுந் தலையெடுத்து, ஈரலைத் தாக்கி, உடலை மஞ்சளாக்கி, இரத்தப் பெருக்கையும் விளைவிக்கும். அந்நிலையை எய்தியோருட் பாதிப்பேர் 7 முதல் 10 நாட்களுள் உயிர் துறப்பர். இந்நோயை நேரே அழிக்கவல்ல மருந்து இதுகாறும் இல்லை. வருமுன் காத்தலே வழி.

இது கொசுவினாற் பரவுகிறதென்று கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் ஃபின்லே 1881-ஆம் ஆண்டிற் கூறியபோது நம்பினோர் சிலரே. 1900-ஆம் ஆண்டில் வால்டர் ரீட் என்பவர் தலைமையில் அமெரிக்க வைத்தியர் குழுவொன்று அத்தீவிற் சோதனைகள் நடத்தி அக்கூற்றை மெய்ப்பித்தது. அக்குழுவினருள் ஒருவரான ஜெஸ்ஸி லேஸியர் அவ்வாண்டிலேயே இந்நோய்க்கு இரையானார். பின்னர், 1937-ஆம் ஆண்டில் மாக்ஸ் தைலர் என்பார் தடுப்பு மருந்தைக் கண்டார். அதன்பொருட்டு 1951-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார்.

இனி நம் நாட்டிற்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது? இந்நோயைச் சுமந்து செல்லும் ஏடிஸ் கொசு நம் வீடுகளிலும் தெருக்களிலும் மலிந்திருக்கின்றது. டெங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் அதுவே. எனினும் மஞ்சட் காய்ச்சல் இந்தியாவில் இன்னும் கால் கொள்ளவில்லை. நோயுற்ற ஒருவர் வந்திறங்கி, அவரைக் கடித்த கொசு மற்றவரையுங் கடிக்குமாயின், தடுப்பு ஆற்றல் சிறிதுமில்லாத நம் மக்களிடையே அது காட்டுத்தீப்போற் பரவக்கூடும். ஆதலின், சென்ற நாடு இச்சான்றைக் கேளாது விடினும், அந்நோய் வழங்கும் நாட்டினின்று திரும்புவோரை நம் சர்க்கார் தவறாது கேட்கும். சான்றில்லாதவர் இந்தியரேயாயினும் 6 நாட்கள் வரை தனியே வைக்கப்படுவர். கிருமி உடலிற் புகுந்தபின் நோய் வெளிப்படுதற்கு 3 முதல் 6 நாட்கள் ஆகுமாதலின் இவ்வளவு காலம் வகுக்கப்பட்டது.

ஊசியிட்டவுடனே காப்பு உண்டாவதில்லை. சான்று பத்தாம் நாள் தொடங்கியே செல்லும். பயணத்திற்கு இரண்டு நாள் முன்னர் ஓடுவதாற் பயனில்லை என்பது இதனால் விளங்கும். சர்க்கார் அங்கீகரித்த நிலையங்களிலேயே இதனை இட்டுக்கொள்ளல் வேண்டும். சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. மருந்துக் குப்பியைத் திறந்தபின் சில மணி நேரத்துள் முடித்தாகவேண்டுமாகையால், குறித்த நாட்களில், முன்னரே பதிவு செய்தவர்க்கு ஊசியிடுவதே பல நிலையங்களின் வழக்கம். ஆகவே ஒரு மாதத்திற்கு முன்பே முயலுதல் நன்று. சான்றிலுள்ள பெயர் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரோடு ஒத்திருக்கிறதா, வைத்தியரின் கையொப்பமும் நிலைய முத்திரையும் உளவா என்று அங்கேயே நோக்குக. 2016-ஆம் ஆண்டு ஜூலை 11 முதல் இச்சான்று வாழ்நாள் முழுதுஞ் செல்லுமென விதிக்கப்பட்டிருத்தலின், அதனைப் பத்திரமாகப் போற்றல் வேண்டும்.

இம்மருந்து கோழி முட்டையில் வளர்க்கப்படுவது. உயிருள்ள, வலி குன்றிய கிருமியைக் கொண்டது. எனவே முட்டை கடுமையாக ஒவ்வாதவர், நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றியவர், கருவுற்ற மாதர், அறுபது வயதைத் தாண்டியோர் முதலியோர் வைத்தியரிடம் தம் நிலையை மறையாது கூறி, அவர் சொற்படி நடத்தல் வேண்டும். இவ்வூசி மலேரியாவைத் தடுக்காது என்பதையும் மறவற்க. அதற்குரிய மாத்திரைகளும் கொசுவலையும் வேறாகத் தேவை.

பணம் குறைந்தால் நண்பர் உதவலாம். உடை குறைந்தால் ஆங்கே வாங்கலாம். இக்காப்பையோ சென்றபின் தேடுதல் காலங்கடந்ததாகும். பிற தேசத்தின் கல்வியையும் செல்வத்தையும் கொண்டு திரும்புவோர், அவற்றோடு நோயையும் கொணராதிருத்தல் பெற்ற நாட்டிற்குச் செய்யும் கடனன்றோ!