குதிரை முரண்டு பிடிக்குதா? முதுகைக் கவனிங்க!

பெசன்ட் நகர் பீச்ல ஒரு ரவுண்டோ, ரைடிங் கிளாஸோ... ஏறுவதற்கு முன் குதிரையைக் கவனிங்க. சேணம் வைக்கும்போது காதைப் பின்னால் மடக்கினாலோ, கடிக்க வந்தாலோ அது திமிர் இல்லை; முதுகுவலியாக இருக்கலாம்.

சேணம் முதுகெலும்பை அழுத்தக்கூடாது. பாரம் இருபக்கத் தசைகளிலும் சமமாகப் பரவணும். சவாரி முடிந்து கழற்றும்போது, முதுகு வியர்த்திருக்க ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கலாம்.

ஓடவிடும் முன் 10 நிமிடம் நடக்க விடுங்க. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது, 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ.

விறைப்பு குறையலையா? சவாரியை நிறுத்திட்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டச் சொல்லுங்க. நாம போடுற வலி மாத்திரையை மட்டும் கொடுத்துடாதீங்க!