காயத்தில் ஊறும் நீர் எங்கே போகும்?

மழைக்காலத்தில் ஒரு மாலை நேரம். எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். “சார், மணிக்கு மறுபடியும் வீங்கிவிட்டது. ஊசியால் குத்தி நானே தண்ணீரை எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டான்.

மணி அவன் வளர்க்கும் நாய். லாரிச் சக்கரத்தில் சிக்கி நசுங்கிப்போன அதன் பின்னங்காலைத் தொடையோடு அறுவை செய்து நீக்கி ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. மூன்றாம் நாளில் தையலுக்குக் கீழே தோல் வீங்கியது. கால்நடை மருத்துவர் ஊசி மூலம் நீரை எடுத்துவிட்டார். இரண்டே நாளில் அது மீண்டும் நிரம்பி, நீர் ஊற்றிய பலூனைப் போலத் தளும்பியது.

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். “ஊசியைத் தொடாதே தம்பி, டாக்டரிடம் போவோம்” என்று மட்டும் சொன்னேன். ஆனால் போகும் வழியில் அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் என் பாடத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. அந்தக் கேள்விகளை இப்போது நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

நீர் எங்கிருந்து வருகிறது?

உடலெங்கும் தலைமயிரைவிட மெல்லிய இரத்தத் தந்துகிகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் சுவர்களில் மிக நுண்ணிய இடைவெளிகள் உண்டு. உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள அல்புமின் போன்ற புரதங்களோ சவ்வூடு பரவல் அழுத்தத்தால் நீரை உள்ளேயே பிடித்து வைக்கப் பார்க்கின்றன. இந்த இழுபறியை 1896-ல் விளக்கியவர் ஆங்கில உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்.

மனித உடலில் தந்துகி தொடங்கும் இடத்தில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் பாதரசம். முடியும் இடத்தில் ஏறத்தாழ 15. புரதங்களின் இழுப்பு ஏறத்தாழ 25. நாயின் உடலிலும் இதே கணக்குத்தான். எண்கள் மட்டும் சற்று மாறும். மொத்தத்தில் தள்ளும் விசை சிறிதளவு மிஞ்சி நிற்கிறது. அதனால் கசியும் நீரை நிணநீர் நாளங்கள் சேகரித்து மீண்டும் இரத்தத்தில் கொண்டுசேர்க்கின்றன.

காயம் பட்டதும் இந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. தந்துகிகள் விரிகின்றன, இடைவெளிகள் பெரிதாகின்றன, புரதமும் நீரோடு வெளியேறுகிறது. வெளியே வந்த புரதம் அங்கேயும் நீரை இழுக்கிறது. அறுவையின்போது நிணநீர் நாளங்களும் வெட்டுப்பட்டுவிடுவதால் வடிகால் அடைபட்ட தெருவைப் போல நீர் தேங்குகிறது. வைக்கோல் நிறத்தில் தெளிவாகச் சேரும் இந்த நீர்த்தேக்கத்தை மருத்துவர்கள் ‘சீரோமா’ என்கிறார்கள்.

காலியிடம் என்னும் தொல்லை

கால் நீக்கும் அறுவையில் பருத்த தசைகளும் எலும்பும் போய்விடுகின்றன. எஞ்சிய தசைகளை எலும்பு முனையின் மேல் மடித்துத் தைத்து, அதன்மேல் தோலை இழுத்து மூடுகிறார்கள். தோலுக்கும் தசைக்கும் நடுவே எங்காவது சிறு இடைவெளி இருந்துவிடும். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரம் உள்ள இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர் நீர்!

சிறிய சீரோமாவால் பெரும்பாலும் ஆபத்தில்லை. சில வாரங்களில் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பெரிய தேக்கம் தோலைத் தசையோடு ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும், தையலை இழுக்கும். கிருமி ஒன்று உள்ளே நுழைந்தால் புரதம் நிறைந்த வெதுவெதுப்பான அந்த நீர் அதற்கு விருந்தாகிவிடும். வீட்டு ஊசியால் குத்துவது அந்தக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். அந்த மாணவன் அன்று செய்ய இருந்தது அதைத்தான்.

இயற்பியல் படித்த மருத்துவர்

தேங்கும் நீரை வெளியேற்ற மருத்துவர்கள் வைக்கும் குழாய்க்கு வடிகுழாய் என்று பெயர். அவற்றுள் மிக எளியது பென்ரோஸ் வடிகுழாய். தட்டையான மெல்லிய ரப்பர்க் குழாய், அவ்வளவுதான். இதற்குப் பெயர் தந்த அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிங்காம் பென்ரோஸ் 1884-ல் மருத்துவப் பட்டமும், அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றவர்! பிற்காலத்தில் பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையின் வளர்ச்சியிலும், அங்கு விலங்குகளின் நோய்களை ஆராய்வதிலும் ஈடுபட்டவர்.

இந்தக் குழாயில் ஒரு வேடிக்கை உண்டு. நீர் பெரும்பாலும் குழாயின் உள்ளே ஓடுவதில்லை. அதன் வெளிப்பரப்பை ஒட்டியே வழிகிறது. நுண்புழைக் கவர்ச்சியும் புவியீர்ப்பும் சேர்ந்து அதை இழுத்து வருகின்றன. ஆகவே குழாய் வெளிவரும் துளை காயத்தின் மிகத் தாழ்ந்த பகுதியில் இருக்க வேண்டும். மேலே துளையிட்டால் பயனில்லை. நீர் மேடு ஏறாது அல்லவா? முக்கியத் தையல் வழியாகவும் குழாயை வெளியே கொண்டுவருவதில்லை. தனியே ஒரு சிறு துளை இடுகிறார்கள். இல்லாவிட்டால் தையல் ஆறாது.

இதில் குறையும் உண்டு. நீர் வெளியே வரும் பாதையில் கிருமி உள்ளே போகலாம். அதனால் துளையைத் தூய்மையான துணியால் மூடி, மருத்துவர் சொன்னபடி அடிக்கடி மாற்ற வேண்டும்.

உறிஞ்சும் குமிழ்

மணிக்கு மருத்துவர் வைத்தது வேறு வகை. உடலுக்குள் துளைகள் உள்ள ஒரு குழாய். வெளியே அதன் முனையில் கையடக்கமான பிளாஸ்டிக் குமிழ். குமிழை நசுக்கிக் காற்றை வெளியேற்றி, உடனே மூடியை அடைக்க வேண்டும். குமிழ் தன் பழைய உருவத்துக்குத் திரும்ப முயலும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. ‘உறிஞ்சுகிறது’ என்று சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தோலைத் தசையோடு சேர்த்து அழுத்தி, நீரைக் குமிழுக்குள் தள்ளுகிறது. முழுவதும் மூடிய அமைப்பாதலால் கிருமி நுழையும் வாய்ப்பும் குறைவு.

குழாயில் இரத்தக்கட்டி படிந்தால் என்ன ஆகும்? பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய் 1840-களில் வெளியிட்ட விதியை நினைவுகூருங்கள். குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்! குழாய் மடங்காமலும் அடைபடாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஏமாற்றிய எண்

நாள்தோறும் வடியும் நீரை அளந்து எழுதி வரும்படி மருத்துவர் மாணவனிடம் சொன்னார். முதல் நாள் 60 மில்லிலிட்டர். இரண்டாம் நாள் 45. மூன்றாம் நாள் 5. “சார், நின்றுவிட்டது! நாளைக்கே குழாயை எடுத்துவிடலாம்” என்று நோட்டும் கையுமாக ஓடி வந்தான்.

எனக்குச் சந்தேகம். 45-லிருந்து ஒரே நாளில் 5 எப்படி வரும்? போய்ப் பார்த்தேன். குமிழ் உப்பிய நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரவில் நீரைக் கொட்டியவன், குமிழை நசுக்காமலேயே மூடிவிட்டான். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம்! நீர் ஏன் ஓடப்போகிறது? தையலுக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் பழையபடி தளும்பல். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிவந்து அவன் குமிழை நசுக்கி அடைத்தான். சிறிது நேரத்தில் குழாயில் இளஞ்சிவப்பு நீர் மெல்ல ஊர்ந்து வந்தது. அவன் முகம் வாடிவிட்டது. “நான் பார்க்காமல் விட்டதால் மணிக்கு ஏதாவது ஆகியிருக்குமா சார்?” என்றான். அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தச் சூத்திரத்திலும் விடை இல்லை. தோளில் தட்டிக்கொடுத்து, “தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோமே, இனி விடாதே” என்றேன்.

ஓர் அளவீடு குறைந்தால், அளக்கப்படும் பொருள் குறைந்ததா, கருவி பழுதா என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நான் ஆண்டுதோறும் சொல்லும் பாடம் இது. அன்று ஒரு நாயின் உயிரோடு சேர்த்து அதை அவன் கற்றுக்கொண்டான்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

வடியும் நீர் முதலில் சிவப்பாக இருக்கும்; பிறகு இளஞ்சிவப்பாகும்; கடைசியில் வைக்கோல் நிறமாகும். அளவும் குறைந்துகொண்டே வரும். அப்படியானால் காயம் ஆறுகிறது என்று பொருள். திடீரெனப் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் மிகுதியாக வந்தாலோ, நீர் குழம்பிச் சீழாக நாறினாலோ, நாய் உண்ணாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நாய் காயத்தை நக்கினால் நல்லது என்ற எண்ணம் தவறு. அதன் வாயில் கிருமிகள் ஏராளம். குழாயையே கடித்து இழுத்துவிடவும் கூடும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இதைத் தடுக்கிறது. காயத்தில் மஞ்சள்தூள், எண்ணெய் எதையும் வைக்கக்கூடாது. நாம் விழுங்கும் வலி மாத்திரைகளையும் தரக்கூடாது. சில நாய்க்கு நஞ்சாகும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கலாம் என்பதையும் மறவாதீர்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

ஓய்வும் ஒரு மருந்துதான். நாய் துள்ளும்போதெல்லாம் தோலும் தசையும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகரும். ஒட்டத் தொடங்கிய இடம் பிரிந்து மறுபடியும் நீர் ஊறும்.

செய்து பாருங்கள்

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து மேசை விளிம்பில் வையுங்கள். நீளமான பருத்தித் துணிநாடா ஒன்றை நனைத்து, ஒரு முனையை நீரிலும் மறுமுனையை டம்ளருக்கு வெளியிலும் தொங்கவிடுங்கள். வெளிமுனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை சொட்டுச் சொட்டாக வடியும். அதை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள், சொட்டுவது நின்றுவிடும். வடிகுழாயின் துளை ஏன் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறதல்லவா?

மணியின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த நாட்களில் நோட்டில் 40, 25, 12 என்று எண்கள் இறங்கின. மருத்துவர் குழாயை எடுத்தார். பின்னர் தையலையும் பிரித்தார். நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் இரண்டுமே தாங்குகின்றன. அதனால் ஒரு பின்னங்கால் போனாலும் அது நன்றாகவே நடக்கப் பழகிவிடும். இப்போது மாலையில் நான் வீடு திரும்பும்போது, தெருமுனையிலிருந்து மூன்று காலில் தாவித் தாவி ஓடி வருகிறது மணி. அதன் பின்னால், மெதுவாகப் போகும்படி அதட்டிக்கொண்டே வருகிறான் என் மாணவ நண்பன்.