பொருந்தல் பாசிமேடு

திண்டுக்கல் மாவட்டம் பழனிக்குத் தென்மேற்கே 12 கி.மீ. தொலைவில், மலையடிவார ஆற்றங்கரையில், பாலசமுத்திரத்தை அடுத்துள்ளது பொருந்தல். அங்கே மக்கள் வாழ்ந்து கைவிட்ட மேட்டுக்கு ஊரார் வைத்த பெயர் பாசிமேடு, பொருத்தமான பெயர்தான். 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் பாசி எனப்படும் கண்ணாடி மணிகளும் அவற்றைச் செய்த உலையும் வெளிப்பட்டன. அருகிலிருந்த ஈமக்குழியில் நான்கு கால் சாடி ஒன்று. உள்ளே ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். கூடவே, ‘வய்ர’ என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த பிரிமணை, அதாவது பானை தாங்கும் வளையம். அமெரிக்க ஆய்வகம் ஒன்று அந்த நெல்லுக்குக் கணித்த காலம் கி.மு. 490.