பாங்குக் கணக்கை மாற்றலாமா?

புணே நகருக்கு வடமேற்கே, மும்பை செல்லும் ரயில் பாதையில் உள்ள தளேகாவ் ஊரில் 1908ஆம் ஆண்டில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அதற்கு மூலதனம் தந்தவர் சீமான் எவரும் அல்லர். ஆளுக்கு ஒரு பைசா வீதம் மக்களிடம் திரட்டிய நிதியே அதற்கு முதலாயிற்று. ‘பைசா நிதி’ என்பதே அதன் பெயராகவும் வழங்கிற்று. இன்று அதே தளேகாவைச் சுற்றிப் பெரிய ஆலைகள் பல உள்ளன. அவற்றின் உடைமையும் மாறுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2008இல் திறந்த கார்த் தொழிற்சாலையில் 2020 இறுதியில் உற்பத்தி நின்றது. பின்னர் ஹூண்டாய் அதை வாங்கிக்கொண்டது. இத்தகைய ஊரில் வேலை மாறும்போதெல்லாம் சம்பளக் கணக்கும் வேறு பாங்குக்கு மாறுகிறது. நம் தமிழ்க் குடும்பங்களிலும் மூன்று நான்கு கணக்குப் புத்தகங்கள் பெட்டியில் கிடப்பது அரிதன்று. அவற்றை வைத்திருப்பதா, மூடுவதா, கூடுதல் வட்டி தரும் இடத்துக்குப் பணத்தை மாற்றுவதா என்பதே நாம் இங்கு ஆராயவிருக்கும் கேள்வி.

முன்பெல்லாம் இக்கேள்விக்கு இடமே இல்லை. சேமிப்புக் கணக்கின் வட்டியை ரிசர்வ் பாங்கே நிர்ணயித்து வந்தது. எந்தப் பாங்குக்குச் சென்றாலும் ஒரே வீதம்தான். 2011 அக்டோபர் 25ஆம் தேதி அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. உடனே யெஸ் பாங்கு, அதுவரை இருந்த 4 சதவீதத்தை 6 ஆக உயர்த்தியது. பலரும் அங்கே கணக்குத் தொடங்கினர். அதே பாங்கின் மீது 2020 மார்ச் 5ஆம் தேதி தடை விதிக்கப்பட்டு, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை ஏற்பட்டது. மார்ச் 18ஆம் தேதி தடை நீங்கியது உண்மையே. ஆயினும் அந்த இரண்டு வாரங்களில் வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் காத்திருக்கவில்லை.

வட்டிக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். ஸ்டேட் பாங்கு 2025 ஜூன் மாதத்தில் சேமிப்பு வட்டியை 2.50 சதவீதமாகக் குறைத்தது. வேறோர் இடத்தில் 4 சதவீதம் கிடைப்பதாகக் கொள்வோம். ஒரு லட்ச ரூபாய்க்கு வேறுபாடு ஆண்டுக்கு 1,500 ரூபாய்; மாதத்துக்கு 125. கணக்கில் சராசரியாக 20,000 ரூபாயே நிற்குமானால் ஆண்டு முழுவதற்கும் 300 ரூபாய்தான். புதிய கணக்கில் குறைந்தபட்ச இருப்பு தவறினால் விதிக்கும் அபராதம் ஒரே தடவையில் இதை விழுங்கிவிடக்கூடும். சம்பளம் வருவது நின்றதும் பழைய சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காகிவிடும். அதற்கும் குறைந்தபட்ச இருப்பு வேண்டியதாகலாம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் நமக்கு ஒரு சிறு சொல்லின்மீது எப்போதும் கண் உண்டு. ‘7 சதவீதம் வரை’ என்று விளம்பரம் கூறும்போது, ‘வரை’ என்பதே அதில் முக்கியமான சொல். ஒரு லட்ச ரூபாய்க்குட்பட்ட இருப்புக்கு ஒரு பாங்கு ஒரே வீதம்தான் தரவேண்டும் என்பது விதி. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வீதம் மாறலாம். பெரிய எண் பெரும்பாலும் பெரிய இருப்புக்கே உரியது.

வட்டி கணக்கிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. 2010 ஏப்ரல் முதல் பாங்குகள் அன்றாட இருப்பின்மீது வட்டி கணக்கிடுகின்றன. தபால் நிலையமோ, மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த இருப்பையே பார்க்கிறது. 12ஆம் தேதி அங்கே போட்ட பணத்துக்கு அம்மாதம் வட்டி இல்லை.

அப்படியானால் இரண்டாவது கணக்கால் பயன் யாது? நம் கருத்தில், அதன் பயன் வட்டியைவிடப் பாதுகாப்பிலேயே மிகுதி. 1960இல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கும் மகாராஷ்டிரத்து லட்சுமி பாங்கும் முறிந்தபின், 1962இல் டிபாசிட் இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. 2020 பிப்ரவரி முதல் அதன் வரம்பு, வட்டியும் முதலும் சேர்த்து 5 லட்ச ரூபாய். இது கணக்குக்கு இவ்வளவு என்பதன்று. ஒருவருக்கு ஒரு பாங்கில் இவ்வளவு என்பது. ஒரே பாங்கின் நான்கு கிளைகளில் பிரித்துப் போடுவதால் பயனில்லை. வேறு வேறு பாங்குகளில் போட்டால் உண்டு. புணேயின் ரூபீ கூட்டுறவு பாங்கு 2013இல் தடைக்குள்ளாகி, 2022இல் உரிமம் இழந்தது. தடை விதித்த 90 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் தொகை தரவேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது. அதுவரை அங்கே பணம் போட்டவர்கள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். மகாராஷ்டிரத்து ஊர்களில் ‘பத்சன்ஸ்தா’ என்னும் கடன் சங்கங்கள் கூடுதல் வட்டி தருவதுண்டு. அவை பாங்குகள் அல்ல. இந்த இன்ஷூரன்ஸும் அவற்றுக்கு இல்லை.

மாற்றுவதென்று தீர்மானித்தவர் அவசரப்படலாகாது. பிரிட்டனில் 2013 முதல் ஏழு வேலை நாட்களில் கணக்கு முழுவதையும் புதிய பாங்கே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளது. நம் நாட்டில் கணக்கு எண்ணை மாற்றாமலே பாங்கை மாற்றும் வசதி வேண்டுமென்று, ரிசர்வ் பாங்கின் அப்போதைய துணை கவர்னர் முந்த்ரா 2017இல் பேசினார். அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே வேலை நம்முடையதே. புதிய கணக்கைத் தொடங்கியபின் பழையதையும் இரண்டு மூன்று மாதம் நடத்துக. கடன் தவணை, இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஆகியவற்றின் உத்தரவுகளை ஒவ்வொன்றாக மாற்றுக. ஒரு தவணை திரும்பினால் ஓராண்டு வட்டி லாபமும் போய்விடும். சமையல் எரிவாயு மானியம் போன்றவை, கடைசியாக ஆதார் இணைத்த பாங்குக்கே செல்லும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

எல்லாம் மாறியபின் பழைய கணக்கின் விவரப் பட்டியலை வாங்கிக்கொண்டு, செக் தாள்களைத் திருப்பித் தந்து, மூடியதற்கு எழுத்துமூலம் சான்று பெறுக. மூடாமல் விட்ட கணக்கு இரண்டு ஆண்டுகளில் செயலற்றதாகிறது. பத்து ஆண்டுகள் சென்றால் அதிலுள்ள பணம் ரிசர்வ் பாங்கின் நிதிக்குப் போகிறது. அப்போதும் உரிமை அழிவதில்லை. பாங்கு மூலம் கோரிப் பெறலாம். 2023இல் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில், பெற்றோர் மறந்துபோன கணக்குகளையும் தேடிப் பார்க்க இயலும்.