உங்களுக்குத் தெரியுமா? தோற்ற அணிக்கு வந்த விருது

முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், தலைசிறந்த ஆட்டக்காரருக்கு 1935 முதல் வழங்கப்பட்டுவரும் ஹைஸ்மன் விருது, வெற்றியைவிடத் தோல்வியே மிகுந்த அணியின் வீரர் ஒருவரை நாடிச் சென்றது ஒரே ஒரு முறைதான். 1956-இல், ஓக்லஹோமாவிடம் சொந்த மைதானத்திலேயே 40–0 என்று வீழ்ந்து, பத்துப் பந்தயங்களில் எட்டை இழந்து, இந்தியானாவையும் வட கரோலினாவையும் மட்டுமே ஜயித்த நோட்ர டேம் அணியில், பந்தை எறிவதிலும், ஏந்தி ஓடுவதிலும், உதைத்து அனுப்புவதிலும், புள்ளி சேர்ப்பதிலும் பிரதம ஸ்தானம் வகித்த பால் ஹார்னங்கே அவர். விருதுக்கான வாக்கெடுப்பில் ஐந்தாமிடமே பெற்ற சிராக்யூஸின் கறுப்பின வீரர் ஜிம் பிரவுனுக்கே அது உரியது என்று வாதிப்போர் உண்டு. 1961 வரை கறுப்பினத்தவர் எவருக்கும் அவ்விருது கிட்டவில்லை என்பதை நினைக்கையில், அவ்வாதத்தை அலட்சியம் செய்ய மனம் ஒப்பவில்லை.